உஷார்! பிள்ளையின் கட்டில் மேல் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிற ரிமோட் கார் பேட்டரி

அம்மாக்களே, அப்பாக்களே, கையில் இருக்கிற வேலையைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள்.

உங்கள் வீட்டில் ரிமோட் கார் இருக்கிறதா? பிறந்தநாளுக்கு வந்ததோ, பிள்ளை காசு சேர்த்து வாங்கியதோ, துபாய் சித்தப்பா பெட்டியில் வைத்துக் கொண்டுவந்ததோ, எதுவானாலும் சரி. காரைத் திறந்து பேட்டரியை வெளியே எடுங்கள். அதன் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். 7.4 வோல்ட், 11.1 வோல்ட் என்று போட்டு, பக்கத்தில் லைப்போ (LiPo, அதாவது லித்தியம் பாலிமர்) என்று இருந்தால், இந்தக் கட்டுரையைக் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும்.

அது டார்ச் லைட்டில் போடுகிற பேட்டரி மாதிரி கிடையாது. டிவி ரிமோட் பேட்டரி மாதிரியும் கிடையாது. தப்பாகச் சார்ஜ் போட்டால் அது தீப்பிடிக்கும். சும்மா புகைந்து அடங்காது. சீறிக்கொண்டு எரியும்.

இதைக் கடைக்காரர் சொல்வதில்லை. ஆன்லைனில் ஆர்டர் போட்டால் சொல்ல ஆளே கிடையாது. பெட்டிக்குள் ஒரு துண்டுச் சீட்டில் பொடி எழுத்தில் இருக்கும். எத்தனை பிள்ளைகள் அதை எடுத்துப் படிக்கிறார்கள்?

பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் நடந்தது

ரிச்சர்ட்ஸ் பார்க்கிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. எந்தக் கட்டடம், எந்தக் குடும்பம் என்று எழுத மாட்டேன். அந்த வீட்டுத் தாய் என்னிடம், “பேரு மட்டும் வேணாம் ஆன்ட்டி, ஆனா நடந்ததை ஒண்ணு விடாம எழுதுங்க. இன்னொரு வீட்டுல இது நடக்கக் கூடாது” என்று கேட்டுக்கொண்டார்.

பையன் ஒன்பதாம் வகுப்பு. டியூஷனில் பழக்கமான பெரிய பையன் ஒருவன் புது கார் வாங்கியதால் பழையதைக் குறைந்த விலைக்குத் தள்ளிவிட்டான். நிஜ வண்டியில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 1:10 அளவு டிரக், இரண்டு லைப்போ பேட்டரி, ஒரு சார்ஜர். எல்லாம் ஒரு துணிப்பையில். அம்மா கேட்டிருக்கிறார், “இது சேஃப்தானாப்பா?” பையன் சொன்னான், “பொம்ம கார்தானேம்மா.” அதோடு பேச்சு முடிந்தது.

அந்தச் சார்ஜர் லைப்போவுக்கானதே இல்லை. பழைய நிக்கல் பேட்டரிக்கான சார்ஜர். முனை பொருந்தவில்லை என்று இடையில் ஓர் ஒயரை வெட்டி ஒட்டி, டேப் சுற்றி வைத்திருந்தார்கள். ஒரு நாள் சாயங்காலம் பையன் பேட்டரியைச் சார்ஜில் மாட்டி, கட்டில் மேல், மெத்தையிலேயே வைத்துவிட்டு டியூஷனுக்குக் கிளம்பிவிட்டான். அப்பா அம்மா இருவரும் ஆபீஸில். பக்கத்து அறையில் பாட்டி படுத்திருந்தார்.

முதலில் ஒரு வாசனை வந்ததாம். நெயில் பாலிஷ் மாதிரி, கொஞ்சம் தித்திப்பாக. பாட்டி எழுந்து அடுப்பைப் போய்ப் பார்த்திருக்கிறார். கேஸ் மூடித்தான் இருந்தது. அடுத்து குக்கர் விசில் தொடங்குவது போல் ஒரு சீறல். அதற்கப்புறம் பையனின் அறைக் கதவுக்கு அடியிலிருந்து கருகருவென்று புகை. மெத்தை பற்றி, திரைச்சீலை பற்றி, ஜன்னலோரம் இருந்த புத்தக அலமாரி வரை போய்விட்டது. எதிர் ஃபிளாட்டுக்காரர் கதவை இடித்துத் திறந்து பாட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். ஆள் பிழைத்தார். ஆனால் அந்தப் புகையை இழுத்த நெஞ்சு இன்னும் சரியாகவில்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. பையன் இன்றைக்கும் அந்த அறையில் படுப்பதில்லை.

வீடு திரும்பிய பையனிடம் ஏன் அப்படி விட்டுப் போனாய் என்று கேட்டதற்கு அவன் சொன்ன பதில்: “பச்சை லைட் வரலைன்னு விட்டுட்டுப் போனேன். வந்ததும் எடுக்கலாம்னு நெனச்சேன்.”

பச்சை லைட் வந்தே இருக்காது! அதைத்தான் எல்லோரும் புரிந்துகொள்ள வேண்டும்.

ஏன் வராது? நிக்கல் பேட்டரி நிறைந்ததும் அதன் வோல்ட் லேசாகக் கீழே இறங்கும். அந்த இறக்கத்தைப் பார்த்துத்தான் பழைய சார்ஜர் நிற்கும். லைப்போவில் அந்த இறக்கமே கிடையாது. அதனால் சார்ஜர் நிற்காமல் மின்சாரத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும். லைப்போவின் ஒரு செல்லுக்கு உச்ச வரம்பு 4.2 வோல்ட். இரண்டு செல் பேட்டரி என்றால் 8.4. அதைத் தாண்டினால் உள்ளே இருக்கிற திரவம் சிதைந்து வாயுவாகும், பேட்டரி உப்பும், சூடு ஏறும். உள்ளே இரண்டு தகடுகளையும் பிரித்து வைத்திருப்பது ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள். அது உருகினால் தகடும் தகடும் தொட்டுக்கொள்ளும். அதற்கு மேல் பிளக்கைப் பிடுங்கினாலும் பிரயோஜனமில்லை. சூட்டைப் பேட்டரியே உண்டாக்கிக்கொள்ளும். ஒரு செல் வெடித்து அடுத்த செல்லைப் பற்ற வைக்கும். வருகிற புகையில் ஹைட்ரஜன் ஃபுளோரைடு இருக்கும். அது நுரையீரலை அரிக்கிற விஷம்.

இது ஏதோ ரிமோட் காருக்கு மட்டும் உள்ள சிக்கல் என்று நினைக்காதீர்கள். 2022 மார்ச்சில் வேலூரில், ராத்திரி வீட்டில் சார்ஜ் போட்டிருந்த எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் எரிந்து, அந்தப் புகையில் மூச்சுத்திணறி ஒரு தகப்பனும் மகளும் இறந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் செகந்திராபாத்தில், கீழே எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் ஷோரூம் இருந்த ஹோட்டல் கட்டடத்தில் தீப்பிடித்து எட்டுப் பேர் இறந்தார்கள். ரிமோட் கார் பேட்டரி சிறியதுதான். ஆனால் மெத்தைக்கும் திரைச்சீலைக்கும் அந்தச் சிறிய தீயே போதும். நம் பக்கத்தில் கன்டோன்மென்ட் காலத்து மரக்கூரை வீடுகள் இன்னும் இருக்கின்றன. புதிதாக எழும்பிய ஃபிளாட்டுகளிலோ ஜன்னலுக்கெல்லாம் இரும்பு கிரில். ஓடி வர ஒரே வாசல்.

அப்பாக்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. “நானும் சின்ன வயசுல ரிமோட் கார் ஓட்டினவன்தான், ஒண்ணும் ஆகல” என்கிறீர்கள். சரிதான். ஜப்பானின் தமியா கம்பெனி 1976-ல் போர்ஷே 934 ரிமோட் காரைக் கொண்டுவந்ததிலிருந்து, உங்கள் இளவயது வரைக்கும், இந்தக் கார்களில் பெரும்பாலும் இருந்தது நிக்கல் வகை பேட்டரி. அது முரடு. தப்பு செய்தால் சூடாகும், கெட்டுப் போகும், பெரும்பாலும் அத்தோடு விட்டுவிடும். லைப்போ 2000-களில்தான் பரவலாக வந்தது. எடை குறைவு, வேகம் அதிகம். உங்கள் பழைய அனுபவத்தை இதில் வைத்துப் பார்க்காதீர்கள். பையனுக்குத் தைரியம் சொல்லாதீர்கள்.

இந்த அறிகுறிகள் இருந்தால் உடனே நிறுத்துங்கள்!

பேட்டரி உப்பியிருக்கிறதா? மேசை மேல் வைத்து விரலால் அசையுங்கள். தட்டையாக உட்காராமல் தொட்டில் போல் ஆடினால், அது முடிந்தது. பிள்ளைகள் பாஷையில் ‘பஃப்’ ஆகிவிட்டது. “கொஞ்சம்தான் பஃப், இன்னும் ஓடுது” என்பார்கள். ஓடும், உண்மைதான். ஆனால் அதை மறுபடி சார்ஜ் போடக் கூடாது. ஊசியால் குத்திக் காற்றை இறக்குகிறேன் என்று யாராவது சொன்னால், கையிலிருந்து பிடுங்குங்கள். குத்தின இடத்திலேயே தீப்பிடிக்கும்.

சார்ஜ் ஏறும்போது பேட்டரி தொட்டால் சுடுகிறதா? லைப்போ சார்ஜ் ஏறும்போது சூடாகவே கூடாது. வெதுவெதுப்பு வந்தாலே நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

தித்திப்பான, நெயில் பாலிஷ் போன்ற வாடை வருகிறதா? எங்கேயோ ஓட்டை விழுந்திருக்கிறது. வீட்டுக்குள் வைக்காதீர்கள்.

கார் எதிலாவது மோதி, பேட்டரியில் நசுங்கல் விழுந்ததா? அப்போது ஒன்றும் ஆகாமல் இருக்கலாம். உள்காயம் வெளியே தெரிய நேரம் பிடிக்கும். கொண்டுவந்து பையில் போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். திறந்த வெளியில், சிமென்ட் தரையில், எரியக்கூடிய எதுவும் பக்கத்தில் இல்லாமல் வைத்து, நன்றாகக் கவனித்த பிறகுதான் மேற்கொண்டு யோசிக்க வேண்டும்.

ஒயரின் தோல் உரிந்து செம்பு தெரிகிறதா? முனையில் கருகல் இருக்கிறதா? இரண்டு ஒயரும் ஒன்றையொன்று தொட்டால் வெல்டிங் பொறி போலப் பறக்கும். மோதிரம் போட்ட விரல் என்றால் விரலே வெந்துவிடும்.

பேட்டரியிலிருந்து வருகிற சின்ன வெள்ளை முனையை யாரும் மாட்டுவதே இல்லையா? இது மிக முக்கியம். லைப்போவில் இரண்டு இணைப்பு இருக்கும். தடித்த ஒயர் ஓட்டுவதற்கு. மெல்லிய பல ஒயர்கள் சேர்ந்த வெள்ளை முனை, ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாக அளப்பதற்கு. அதை மாட்டாமல் சார்ஜ் போட்டால், மொத்தக் கணக்கு 8.4 என்று சரியாகக் காட்டும். உள்ளே ஒரு செல் 4.0, இன்னொன்று 4.4 என்று இருக்கலாம். அந்த 4.4-தான் எரியப்போகிற செல். பேலன்ஸ் சார்ஜர் என்று கேட்டு வாங்குங்கள். அந்த வெள்ளை முனையை மாட்டாமல் சார்ஜ் போடக் கூடாது என்று வீட்டில் சட்டமே போடுங்கள்.

இன்னொன்று யாரும் கவனிக்காதது. சார்ஜ் தீருகிற பக்கத்திலும் ஆபத்து உண்டு. ஒரு செல் 3 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது. காருக்குள் மோட்டாரை இயக்குகிற ஈஎஸ்சி என்ற சின்னப் பெட்டி, அந்த அளவு வந்ததும் தானாக நிறுத்தும். ஆனால் பல ஈஎஸ்சிகளில் லைப்போ, நிக்கல் என்று இரண்டு செட்டிங் உண்டு. நிக்கல் செட்டிங்கில் விட்டுவிட்டால் அது நிறுத்தாது. பேட்டரி செத்துப்போகிற வரை உறிஞ்சும். பிள்ளையோ காரை ஆஃப் செய்யாமல், பேட்டரியைக் கழற்றாமல் அலமாரியில் வைத்துவிடுவான். இப்படி வறண்டுபோன லைப்போவை மறுபடி சார்ஜ் போடும்போதும் தீப்பிடிக்கும். “நிக்கல் மோடுல வெச்சா லைப்போ சார்ஜர் ஏத்துக்கும், அப்புறம் மாத்திக்கலாம்” என்று இளசுகளுக்குள் ஒரு வித்தை உலவுகிறது. அந்த வித்தையை உங்கள் வீட்டில் நுழையவிடாதீர்கள்.

சார்ஜ் போடுகிற இடம்

கட்டிலில் வேண்டாம். சோபாவில் வேண்டாம். பூஜையறையிலும் ஷூ ரேக்கிலும் வேண்டாம். வாசற்படிக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம், தீப்பிடித்தால் நீங்கள் வெளியேற வேண்டிய வழி அது.

ஒரு டைல்ஸ் துண்டு அல்லது கடப்பாக்கல். அதன் மேல் பெரிய மண்சட்டி. அடியில் நன்றாகக் காய்ந்த மணல். அதற்குள் பேட்டரி. பால்கனியில் நிழலில் வைத்தால் இன்னும் நல்லது. லைப்போ பை என்று தீ தாங்குகிற பை விற்கிறார்கள், வாங்கலாம், ஆனால் அதையே முழுசாக நம்பிவிடாதீர்கள். எவர்சில்வர் டப்பாவில் போட்டு இறுக்கி மூடுகிறவர்கள் உண்டு. ஐயோ, அது கூடாது! உள்ளே வாயு சேர்ந்தால் டப்பாவே வெடிக்கும். மூடி தளர்வாக இருக்க வேண்டும், புகை வெளியேற வழி வேண்டும்.

சார்ஜரில் வகை லைப்போ என்று இருக்கிறதா, செல் எண்ணிக்கை சரியா, இரண்டையும் ஒவ்வொரு தடவையும் பார்க்க வேண்டும். மின்னோட்டம் எவ்வளவு வைப்பது? பேட்டரியில் 2000 எம்ஏஎச் என்று போட்டிருந்தால் 2 ஆம்பியர், 5000 என்றால் 5 ஆம்பியர். அதற்கு மேல் போகாதீர்கள். அவசரம் என்று கூட்டாதீர்கள். ஓட்டி முடித்த சூட்டோடு சார்ஜில் போடாதீர்கள், ஆறட்டும்.

பெட்டியோடு வருகிற மலிவு யூஎஸ்பி ஒயர் சார்ஜரில் ஒரு குழப்பம் உண்டு. சிலவற்றில் நிறைந்ததும் லைட் அணையும். சிலவற்றில் நிறைந்ததும்தான் எரியும். பிள்ளைக்கு எது எது என்று தெரியாது. சீட்டைப் படித்து, ஒரு காகிதத்தில் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

ராத்திரி சார்ஜ் கிடையாது. ஆள் இல்லாத வீட்டில் சார்ஜ் கிடையாது. பெரியவர் ஒருவர் விழித்திருந்து, அதே இடத்தில் இருந்தால்தான் சார்ஜ்.

பற்றிக்கொண்டால் என்ன செய்வது? முடிந்தால் மெயின் சுவிட்சை அணையுங்கள். பேட்டரியைக் கையில் எடுத்து ஓடாதீர்கள், பலர் கை வெந்தது அப்படித்தான். சட்டிக்குள்ளேயே எரிந்தால் மணலைக் கொட்டுங்கள். சட்டியைத் தாண்டிப் பரவினால் எல்லோரையும் வெளியேற்றி, அறைக் கதவைச் சாத்திவிட்டு, 101 அல்லது 112-க்குப் போன் செய்யுங்கள். புகைக்குள் திரும்பப் போய் லேப்டாப்பை எடுக்கிறேன், நகையை எடுக்கிறேன் என்று நிற்காதீர்கள்.

பல நாள் ஓட்டப் போவதில்லை, பரீட்சை வருகிறது என்றால், நிறைய சார்ஜோடு வைக்கக் கூடாது. ஒரு செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வைக்க வேண்டும். நல்ல சார்ஜரில் ‘ஸ்டோரேஜ்’ என்று ஒரு பட்டன் இருக்கும், அதுவே செய்துவிடும். வெயிலில் நிறுத்திய காருக்குள் பேட்டரியை விட்டுவிட்டு ஷாப்பிங் போகாதீர்கள். வெளிநாட்டிலிருந்து வருகிற சொந்தக்காரர்களிடமும் சொல்லிவையுங்கள்: தனி லைப்போ பேட்டரி செக்-இன் பெட்டியில் போடக் கூடாது, கைப்பையில்தான் வர வேண்டும், முனைகளில் டேப் ஒட்டி, 100 வாட்-ஹவருக்குள் இருக்க வேண்டும்.

அடுத்தது வேகம்

பேட்டரியைப் பற்றி இவ்வளவு நேரம் பேசினேன். இது கொஞ்சம் சுருக்கமாக. ஆனால் அலட்சியம் வேண்டாம்.

இரண்டு கிலோ எடையுள்ள ஹாபி கார் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போவது இன்றைக்குச் சாதாரணம். அந்த அடியின் ஆற்றலைக் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 190 ஜூல் வருகிறது. மணிக்கு 140 கிலோமீட்டரில் வீசப்பட்ட கிரிக்கெட் பந்தில் இருப்பது சுமார் 120 ஜூல்தான். அந்தப் பந்துக்கு ஹெல்மெட், பேடு, கார்டு என்று கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். ரிச்சர்ட்ஸ் பார்க்கில் சாயங்காலம் நடக்க வருகிற தாத்தாவின் கணுக்காலில் என்ன இருக்கிறது?

50 கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு வினாடிக்குப் பதினான்கு மீட்டர். பிள்ளை ‘ஐயோ’ என்று விரலை எடுப்பதற்குள் கார் ஏழெட்டு மீட்டர் போயிருக்கும். நம் தெருக்களில் அது இரண்டு வீட்டு கேட்டுக்கு நடுவே உள்ள தூரம். ஸ்கூட்டரில் வருகிறவர் இந்தச் சின்னக் காரை நாய்க்குட்டி என்று நினைத்துப் பிரேக் போட்டு விழுவார். அதைவிடப் பெரிய பயம் எனக்கு வேறு. காரைத் துரத்திக்கொண்டு பிள்ளை ரோட்டுக்கு ஓடுவான். அவன் கண் தரையில் இருக்கும். வீலர் ரோட்டில் வருகிற ஆட்டோ அவனுக்குத் தெரியாது.

தெருவில் ஓட்டக் கூடாது. பள்ளி விடுகிற நேரம், நடைப்பயிற்சி நேரம், தெரு நாய்கள் திரிகிற இடம், எதிலும் கூடாது. ஆள் இல்லாத காலி மைதானம், உரியவரிடம் கேட்டு, பெரியவர் ஒருவர் கூட நின்று.

புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது, முன்கூட்டியே தெரிந்தால் பாதி விபத்தைத் தவிர்க்கலாம். கார் நம்மை விட்டுப் போகும்போது இடது இடதுதான். நம்மை நோக்கித் திரும்பி வரும்போது இடது வலதாகத் தெரியும். அந்த நொடியில்தான் கை தடுமாறி, கார் நேராக ஓட்டுகிறவரின் காலிலேயே, அல்லது பக்கத்தில் நிற்கிற தங்கையின் மேலேயே வந்து மோதும். முதலில் மெதுவாக எட்டுப் போட்டுப் பழக வேண்டும். டிராக்ஸாஸ் போன்ற கம்பெனிகளின் கார்களில் வேகத்தைப் பாதியாகக் குறைக்கிற டிரெய்னிங் மோடு உண்டு. உங்கள் காரில் இருக்கிறதா என்று கேளுங்கள், இருந்தால் அதிலேயே தொடங்குங்கள்.

சிக்னல் போனால் கார் நிற்குமா, ஓடிக்கொண்டே போகுமா? இதை வாங்கின அன்றே பாருங்கள். காரை ஒரு டப்பா மேல் தூக்கி வைத்துச் சக்கரம் அந்தரத்தில் இருக்கட்டும். லேசாகச் சுழலவிட்டு, ரிமோட்டை ஆஃப் செய்யுங்கள். சக்கரம் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் ஃபெயில்சேஃப் சரியில்லை, அதை வெளியே எடுத்துப் போகாதீர்கள். ஓட்டும்போது எப்போதும் ரிமோட்தான் முதலில் ஆன், கடைசியில் ஆஃப். முறையை மாற்றினால் கார் தன்னிஷ்டத்துக்குப் பாயலாம்.

அப்படிச் சக்கரம் அந்தரத்தில் இருக்கும்போது முழு வேகம் கொடுத்து வேடிக்கை பார்க்கிறார்கள் பிள்ளைகள். டயர் பலூன் போல் உப்பும், கிழிந்து முகத்தில் அடிக்கும். கியர் மூடியைக் கழற்றிவிட்டு ஓட்டினால் விரல் நுனி போகும். பெண் பிள்ளைகளே, குனிந்து பார்க்கும்போது பின்னலைக் கட்டிக்கொள்ளுங்கள், துப்பட்டாவை ஓரமாக முடிந்துகொள்ளுங்கள். ஓட்டி முடித்ததும் மோட்டாரைத் தொட்டுப் பார்க்காதீர்கள், கொப்பளம் போடும்.

நைட்ரோ கார் வேண்டாம்!

எஞ்சின் வைத்த கார், புகை விடும், நிஜக் கார் மாதிரி சத்தம் போடும் என்று பிள்ளை ஆசைப்படுவான். அதற்கு ஊற்றுகிற எரிபொருளில் பெரும்பங்கு மெத்தனால். 1981-ல் இதே பெங்களூரில் கள்ளச்சாராயத்தில் கலந்து முந்நூறு உயிரைக் கொண்டுபோனது அது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றதும் அதே மெத்தனால்தான். கொஞ்சம் உள்ளே போனாலே கண் போகும். அது எரிந்தால் பகல் வெளிச்சத்தில் தீ கண்ணுக்கே சரியாகத் தெரியாது. அதைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி ஃபிரிட்ஜ் பக்கத்தில் வைத்திருக்கிற வீட்டை என் கண்ணால் பார்த்தேன். குழந்தைகள் இருக்கிற வீட்டுக்கு நைட்ரோ வேண்டாம், பேச்சே இல்லை.

வாங்குவதற்கு முன்

14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் விளையாடுகிற பொம்மை என்று விற்றால், அதில் ஐஎஸ்ஐ முத்திரை இருக்க வேண்டும். 2021 ஜனவரி 1 முதல் இது கட்டாயம். முத்திரைக்குக் கீழே இருக்கிற உரிம எண்ணை ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் போட்டால் உண்மையா போலியா என்று தெரிந்துவிடும். பேட்டரியிலும் ஆர் என்று தொடங்குகிற பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். நம் பெங்களூர் எஸ்.பி. ரோடு கடைகளில் தேடினால் கிடைக்காதது இல்லை. ஆனால் பெயரே இல்லாமல், மேலே வெறும் நீல உறை சுற்றிய பேட்டரியை விலை குறைவு என்று அள்ளி வராதீர்கள்.

வெளிநாட்டுக் கார் இங்கே ஏன் இவ்வளவு விலை என்று கேட்பீர்கள். பொம்மைக்கான இறக்குமதி வரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-ல் 70 ஆனது. இந்த விலையைப் பார்த்துத்தான் பிள்ளைகள் செகண்ட் ஹேண்டுக்குப் போகிறார்கள். செகண்ட் ஹேண்ட் கார் வாங்கலாம். செகண்ட் ஹேண்ட் லைப்போ வாங்கக் கூடாது. அது எத்தனை முறை வறண்டது, எத்தனை முறை அடிபட்டது என்று யாருக்கும் தெரியாது. ‘பாதி விலை, முன்பணம் யூபிஐ-ல அனுப்புங்க, நாளைக்கே கூரியர்’ என்று இன்ஸ்டாகிராமில் வருகிறதை நம்பாதீர்கள். பணம் போய்விட்டால் அன்றே 1930-க்குக் கூப்பிடுங்கள், தாமதிக்கத் தாமதிக்கத் திரும்பக் கிடைக்கிற வாய்ப்பு குறையும்.

இவ்வளவு சொல்லிவிட்டு, பிள்ளைக்கு வாங்கித் தரவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நாள் முழுக்க போனையே பார்த்துக்கொண்டிருக்கிற பிள்ளை, ஸ்க்ரூ டிரைவர் பிடித்து, கியர் மாற்றி, சாலிடர் வைக்கக் கற்றுக்கொள்வது எவ்வளவு நல்ல விஷயம்! ஆனால் தொடக்கம் சரியாக இருக்க வேண்டும். 1:16, 1:18 அளவில் சின்னக் கார், சாதாரண பிரஷ் மோட்டார், நிக்கல் பேட்டரி. அல்லது க்ராலர் என்று ஒரு வகை இருக்கிறது, நடக்கிற வேகத்தில்தான் போகும், கல்லு மேடெல்லாம் மெதுவாக ஏறி இறங்கும். காம்பவுண்டுக்குள்ளேயே, நாலு செங்கல்லும் ஒரு மர வேரும் இருந்தால் ஒரு சாயங்காலம் முழுக்க ஓட்டலாம். நம் ரிச்சர்ட்ஸ் டவுனுக்கு ஏற்றது அதுதான் என்பேன். வாங்கும்போதே உதிரிப்பாகம் கிடைக்குமா என்று கேளுங்கள். ஒரு கியர் உடைந்தால் மொத்தக் காரும் குப்பைக்குப் போகிற மாதிரியானதை வாங்காதீர்கள். லைப்போ எப்போது? சார்ஜர் அமைப்பதை உங்கள் முன்னால் தப்பில்லாமல் செய்து காட்டுகிற பொறுப்பு வந்த பிறகு. வயது அதற்குக் கணக்கில்லை.

கெட்டுப்போன பேட்டரியைக் குப்பை வண்டியில் போடாதீர்கள். வண்டியில் அழுத்தும்போது நசுங்கித் தீப்பிடித்தால், கையுறைகூட இல்லாமல் குப்பை பிரிக்கிற அந்தத் தொழிலாளிக்குத்தான் ஆபத்து. 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி, பழைய பேட்டரியைத் திரும்ப வாங்கி முறைப்படி அழிக்க வேண்டிய பொறுப்பு அதைத் தயாரிக்கிற, இறக்குமதி செய்கிற கம்பெனிக்கு உண்டு. முனைகளில் டேப் ஒட்டி, மணல் சட்டியில் வைத்திருந்து, ஈ-வேஸ்ட் வாங்குகிற மையத்தில் கொண்டுபோய்க் கொடுங்கள்.

இன்றைக்கு ராத்திரி படுக்கப் போவதற்கு முன் பிள்ளையின் அறைக்கு ஒரு நடை போங்கள். திட்ட வேண்டாம், பறிக்க வேண்டாம். “காட்டுடா கண்ணு, எந்த சார்ஜர் இது?” என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். ஏதாவது பேட்டரி சார்ஜில் இருந்தால் இப்போதே பிளக்கைக் கழற்றுங்கள். உப்பின பேட்டரி ஒன்று கண்ணில் பட்டால், விடியட்டும் என்று காத்திருக்காமல் இன்றைக்கே அது வீட்டை விட்டு வெளியே போகட்டும்.